இறால் ஓடும் நேரம்

பகலில் காணாத இறால்

உப்புநீரில் தூண்டில் போடுபவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள்: உயிருள்ள இறாலுக்கு நிகரான இரை வேறில்லை. நம் கொடுவாவுக்கு நெருங்கிய சொந்தமான ஸ்னூக் முதல் சங்கரா இன மீன்கள் வரை, கழிமுகத்தில் வேட்டையாடும் மீன் எதுவானாலும் துள்ளும் இறாலைக் கண்டால் விடுவதில்லை. ஆனால் அந்த இறால் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஒருவர் பாலத்தடி என்பார், இன்னொருவர் புல்வெளி என்பார், மூன்றாமவர் ஓடைக் கரை என்பார். மூவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அப்படியிருந்தும், மூவர் சொன்ன இடத்துக்கும் போய் வெறுங்கையோடு திரும்புவது மிக எளிது. இடம் சரியாக இருந்தும் இறால் இல்லாமல் போவது ஏன்? இந்த அத்தியாயத்தின் புதிர் இதுதான்.

புதிரைத் தெளிவாகப் பார்க்க அமெரிக்காவின் தென்கோடிக்குப் போகலாம். புளோரிடா மாநிலத்தின் மியாமி நகரை ஒட்டி பிஸ்கேன் விரிகுடா இருக்கிறது. ஆழம் குறைந்தது, அடியில் கடற்புல் பரந்து கிடக்கிறது. பகலில் அந்தத் தெளிந்த நீரில் முழங்காலளவு இறங்கி நடந்தால் ஓர் இறால்கூடக் கண்ணில் படாமல் போகலாம். அதே விரிகுடாவின் பாலங்களுக்கு அடியில், குளிர்காலத்துச் சில இரவுகளில், இறால் நூற்றுக்கணக்கில் மேல்நீரோடு சேர்ந்து கடலை நோக்கிப் போகிறது. மக்கள் விளக்கைத் தொங்கவிட்டு, நீண்ட கம்பின் முனையில் வளையம் கட்டிய கைவலையால் அவற்றை அள்ளுகிறார்கள். எப்போது போக வேண்டும் என்பதற்கு அவர்கள் நான்கு நிபந்தனைகள் சொல்வார்கள்: குளிர்காலமாக இருக்க வேண்டும், இரவாக இருக்க வேண்டும், நீர் வற்றிக்கொண்டிருக்க வேண்டும், அமாவாசையோ பௌர்ணமியோ பக்கத்தில் இருக்க வேண்டும். நான்கையும் ஒரே மூச்சில் கேட்டால் நம்பிக்கையும் பழக்கமும் கலந்த பேச்சாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் இறாலின் உடலிலும் வாழ்க்கையிலும் காரணம் இருக்கிறது. இறாலைத் தேடுகிறவருக்கு வரைபடத்தைவிடக் கடிகாரமே கூடுதலாக உதவும் என்பதே இங்கு நாம் நிறுவப் போகும் வாதம்.

மணலுக்குள் ஒரு பகல்

பிஸ்கேன் விரிகுடாவில் இரைக்காகப் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இளஞ்சிவப்பு இறால். இது பகலில் மணலிலோ மென்மையான சேற்றிலோ தன்னைப் புதைத்துக்கொள்கிறது. தலையின் முன்பக்கத்து உணர்கொம்புகளைச் சேர்த்துக் குழாய்போல் ஆக்கி, அதன் வழியே நீரை இழுத்துச் சுவாசிக்கிறது. கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீனுக்கும் பறவைக்கும் பகல் முழுவதும் தட்டுப்படாமல் இருக்க இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. இருட்டியதும் வெளியே வந்து மேய்கிறது. விடியும்போது மீண்டும் புதைகிறது.

இந்தப் பழக்கம் ஒரு பெரிய மீன்பிடித் தொழிலையே நெடுநாள் மறைத்து வைத்திருந்தது. புளோரிடாவின் கீ வெஸ்ட் தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டரில் டிரை டார்டுகாஸ் என்ற சிறு தீவுக்கூட்டம் இருக்கிறது. அதைச் சுற்றிய கடலடியில் ஏராளமான இளஞ்சிவப்பு இறால் இருப்பது 1949-50 வாக்கில்தான் தொழிலுக்குத் தெரியவந்தது. அதற்கு முன் இறால் படகுகள் வேறு இன இறாலைப் பகலில் இழுவலை போட்டுப் பிடித்துப் பழகியவை. பகலில் இழுத்தால் டார்டுகாஸ் வெறுங்கடல். இரவில் இழுத்தபோது வலை நிறைந்தது. இடம் முன்பு இருந்த இடமேதான், படகும் வலையும் மாறவில்லை. மாறியது நேரம் மட்டும். நம் வாதத்துக்கு இதைவிடப் பெரிய அளவில் ஒரு சான்று கிடைப்பது அரிது. மியாமிக் கடைகளுக்கு உயிர் இறால் கொண்டுவரும் சிறு படகுகளும் இரவில்தான் தொழிலுக்குப் போகின்றன. கடற்புல்லைப் பெயர்க்காமல் அதன்மேல் உருண்டு போகும்படி, அடியில் உருளை பொருத்திய சட்டவலையை அவை இழுக்கின்றன.

கடலில் பிறப்பு, கழியில் வளர்ச்சி

இரவு என்ற நிபந்தனைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் மேய வெளியே வரும் இறால் புல்வெளியிலேயே மேய்ந்துவிட்டுப் புதையலாமே. பாலத்தடியில் கூட்டமாக ஏன் ஓட வேண்டும்? இதற்கு இறாலின் முழு வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு இறால் முட்டையிடுவது ஆழ்ந்த, உப்பு மாறாத கடலில். ஒரு பெண் இறால் ஒரு தடவைக்கு லட்சக்கணக்கில் முட்டை இடும். ஏறத்தாழ ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் இளவுயிரி வெளிவருகிறது. அது பலமுறை தோலுரித்து உருமாறி, சில வாரங்களில் இறால் வடிவம் பெற்ற குஞ்சாகிக் கரையோரக் கழிகளை வந்தடைகிறது. அங்கே கடற்புல்லுக்கு நடுவே சில மாதங்கள் வளர்கிறது. உணவு நிறைய, ஒளியப் புல் இருக்கிறது, பெரிய மீன்கள் குறைவு. விரல் நீளத்துக்கு வளர்ந்ததும் அது மீண்டும் கடலுக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் கழியில் அதனால் இனப்பெருக்கம் செய்ய முடியாது.

கழியிலிருந்த இறாலும் டார்டுகாஸ் கடலிலிருந்த இறாலும் ஒன்றே என்பதை எப்படிச் சொல்ல முடிந்தது? காஸ்டெல்லோ, ஆலன் என்ற இரு ஆய்வாளர்கள் உயிருக்குத் தீங்கு செய்யாத சாயத்தை, மாநிலத்தின் தென்முனையை ஒட்டிய புளோரிடா விரிகுடாவின் இளம் இறால்களுக்குள் செலுத்தி, அடையாளத்தோடு மீண்டும் நீரில் விட்டார்கள். சாயமேறிய இறால்கள் பின்னர் டார்டுகாஸ் மீன்பிடித் தளத்தில் வலையில் விழுந்தன. 1966-ல் வெளியான அவர்களுடைய ஆய்வறிக்கை அந்தப் பயணப் பாதைகளை விரிவாகப் பதிவு செய்கிறது. விரல் நீளமுள்ள ஓர் உயிர் நூறு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது.

ஆக, பாலத்தடியில் நாம் பார்ப்பது மேய்ச்சலுக்கு வந்த இறால் அன்று. வளர்ந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிட்ட இறால். கழிக்கும் கடலுக்கும் நடுவே வாசல்கள் சிலவே: கால்வாய், முகத்துவாரம், பாலத்தின் தூண்களுக்கு இடையிலான இடுக்கு. பரந்த புல்வெளியில் சிதறிக் கிடந்தவை எல்லாம் அந்தச் சில வாசல்களில் நெருங்கி வருகின்றன. பாலத்துக்கு அந்த இரவில் கிடைக்கும் மதிப்பு அதனால்தான்.

ஓதச் சவாரி

இவ்வளவு தூரத்தை இறால் நீந்தியே கடக்கிறதா? அதன் வயிற்றடியில் இருக்கும் நீச்சல் கால்கள் மெதுவான பயணத்துக்கே போதும். ஆனால் கழியின் நீர் நாளுக்கு ஏறத்தாழ இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. கடல் நீரின் இந்த ஏற்ற வற்றத்தை ஓதம் என்கிறோம். வற்றத்தில் வாசல் வழியே ஓடும் நீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் போனால், ஆறு மணி நேரத்தில் அதோடு மிதக்கும் எதையும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கொண்டுசேர்க்கும். இறால் செய்ய வேண்டியது ஒன்றே: நீர் கடலுக்குப் போகும்போது மேலே எழும்ப வேண்டும், திரும்பி வரும்போது அடியில் பதுங்க வேண்டும். இதை ஓதச் சவாரி என்று அழைப்போம். குஞ்சாக உள்ளே வந்தபோதும் இதே சவாரிதான், திசை மட்டும் தலைகீழ்: ஏற்றத்தில் எழும்பி, வற்றத்தில் தரையைப் பிடித்துக்கொள்கிறது.

எது ஏற்றம், எது வற்றம் என்று இருட்டில் நீருக்குள் இருக்கும் இறாலுக்கு எப்படித் தெரியும்? 1969-ல் ஹியூஸ் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு விடை தந்தார். ஏற்றத்தில் வருவது கடல் நீர், உப்பு மிகுந்தது. வற்றத்தில் போவது ஆற்று நீரும் மழை நீரும் கலந்த கழி நீர், உப்பு குறைந்தது. ஆய்வகத்தில் ஓடும் நீரில் வைத்தபோது, இளம் இறால்கள் சாதாரணமாக நீரோட்டத்தை எதிர்த்து நீந்தின. நீரின் உப்பைக் குறைத்ததும் பல இறால்கள் திரும்பி நீரோட்டத்தோடு போகத் தொடங்கின. கடலிலிருந்து வரும் குஞ்சுகளோ, உப்பு குறைந்ததும் நீந்துவதை நிறுத்தி அடியில் அமர்ந்தன. ஒரே அறிகுறிக்கு இரு வயதில் இரு வேறு பதில்; இரண்டும் அந்தந்த வயதுக்குத் தேவையான திசையில் இறாலைக் கொண்டுபோகின்றன.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். தென்புளோரிடாவில் குளிர்காலம் மழையில்லாத காலம். ஆற்று நீர் குறைந்து, சில கழிகளில் உப்பு கடலைவிடவும் கூடிவிடுவதுண்டு. அப்படியானால் உப்புக் குறைவு என்ற அறிகுறியே இல்லாத காலத்தில் இறால் எதை நம்பி ஓடுகிறது? அதே ஹியூஸ் 1972-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஓதத்தோடு ஒத்துப்போகும் இந்த நடத்தைக்கு இறாலின் உடலுக்குள்ளேயே ஒரு தாளம் இருக்கிறது. நாம் விழிக்கவும் உறங்கவும் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருப்பதுபோல, இறாலுக்கு ஓதக் கடிகாரமும் உண்டு. உப்பு மாற்றம் அந்தக் கடிகாரத்துக்குத் துணை. அது மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை.

ஓர் இரவின் கணக்கு

இப்போது நிலவின் நிபந்தனையை ஒரு கணக்கால் பரிசோதிக்கலாம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் ஏற்றம் உயர்ந்தும் வற்றம் தாழ்ந்தும் இருக்கும். இதைப் பெரு ஓதம் என்போம். அட்டமியை ஒட்டி வருவது சிறு ஓதம். பெரு ஓதத்தில் நீர் வேகமாக ஓடுவதால் சவாரி நீளும் என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். அது சரியே, ஆனால் மியாமியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு சராசரியாக இரண்டடிதான். பெரு ஓதத்தில் அது கூடும் அளவும் சிறியதே. அங்கே நிலவின் பெரிய பங்கு வேறு. ஒரு குறிப்பிட்ட இடத்தில் பெரு ஓதத்தின் உச்ச ஏற்றம் எப்போதும் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். மியாமிக் கரையில் அது காலையிலும் இரவிலும் எட்டு, ஒன்பது மணியை ஒட்டி வருகிறது.

இரவு 8.30-க்கு உச்சம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு சுமார் ஆறு மணி நேரம், அதாவது 2.30 வரை, வற்றம். குளிர்காலத்தில் மாலை ஆறரைக்குள் நன்றாக இருட்டிவிடும். விடிய ஆறரை ஆகும். ஆக முழு வற்றமும் முழு இருட்டுக்குள் அடங்குகிறது. ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாகும். ஒரு வாரம் கழித்து, அட்டமியன்று, உச்சம் பிற்பகல் இரண்டு மணியை ஒட்டியும் பின்னிரவு இரண்டரை மணியை ஒட்டியும் வரும். அன்றைய இரவில் வற்றம் இரண்டு துண்டாகிவிடுகிறது: மாலையில் ஓய்ந்துபோகும் வற்றத்தின் கடைசி இரண்டு மணி, பின்னிரவில் தொடங்கும் வற்றத்தின் முதல் நான்கு மணி. நடுவில், நாம் பாலத்துக்குப் போக நினைக்கும் ஒன்பது, பத்து மணிக்கு, நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். அன்று இறாலே ஓடாது என்பதில்லை. அது ஓடும் மணி நகர்ந்திருக்கும். “அட்டமியில் ஒன்றும் கிடைக்காது” என்று சொல்பவர்களில் பலர், பௌர்ணமியின் மணிக்கே அட்டமியிலும் போனவர்களாக இருக்கலாம்.

வற்றத்தின் ஆறு மணியும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நீர் ஓய்விலிருந்து மெல்லத் தொடங்கி, நடுவில் உச்ச வேகம் பெற்று, மீண்டும் ஓய்கிறது. ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் ஒரு சட்டவலையைக் கொண்டு இதை எண்ணால் பார்க்கலாம். புளோரிடா விதிப்படி பொழுதுபோக்குக்கு மீன்பிடிப்பவர் வைத்திருக்கும் சட்டவலையின் சுற்றளவு 16 அடிக்கு மேல் போகக்கூடாது. பக்கத்துக்கு நாலடி என்றால் அதன் வாய் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். நீர் நொடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் ஓடும்போது, அசையாமல் நிற்கும் அந்த வலையின் வழியே நொடிக்கு ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் போகும். ஒரு மணி நேரத்துக்கு 36 லட்சம் லிட்டர். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாக எண்ணினால் 300 லாரி. வேகம் கூடிக் குறைவதைக் கணக்கில் எடுத்தால் முழு வற்றத்துக்கும் ஏறத்தாழ 1,200 லாரி நீர். நான்கு லாரிக்கு ஓர் இறால்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் இரவு முடிவில் 300 இறால் வலையில் இருக்கும். அவை முதல் மணியில் 20, இரண்டாம் மணியில் 55, மூன்றிலும் நான்கிலும் 75, ஐந்தில் 55, ஆறில் 20 என்று பிரியும். நடு இரண்டு மணி நேரத்தில் பாதி வந்துவிடுகிறது. உச்ச ஏற்றத்துக்கே வந்து, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு “இன்று இல்லை” என்று கிளம்புபவர், அந்த இரவில் கிடைக்கக்கூடியதில் பதினைந்தில் ஒரு பங்கை மட்டுமே பார்த்திருக்கிறார்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு நடைமுறை முடிவுகள் வருகின்றன. கடல் வாயிலிருந்து உள்ளே போகப் போக ஓதம் தாமதமாகும். விரிகுடாவின் உட்பகுதிப் பாலத்தில் நீர் திரும்பும் நேரம் கடற்கரையின் நேரத்திலிருந்து மாறும். எனவே நீர்மட்ட அட்டவணையை மட்டும் நம்பாமல், அந்தந்தப் பாலத்தில் நீரோட்டம் திரும்பும் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்தது, வாடைக் காற்று. குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் குளிர்ந்த காற்று வீசும்போது ஆழமற்ற கழியின் நீர் கடலைவிட விரைவாகக் குளிர்கிறது; காற்று நீரைக் கடல் பக்கம் தள்ளி வற்றத்தை வலுவாக்குகிறது. கடலுக்குப் போக வளர்ந்து நிற்கும் இறாலுக்கு இவ்விரண்டும் சேர்ந்து உந்துதலாகின்றன. குளிர்காலம் என்ற முதல் நிபந்தனைக்கு இதில் பெரும் பகுதி விளக்கம் இருக்கிறது.

விளக்கின் வேலை

“விளக்குதானே இறாலை இழுக்கிறது, ஓதத்துக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்கலாம். ஒளிக்கு இறாலை ஓரளவு ஈர்க்கும் தன்மை இருப்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விளக்கே முழுக் காரணம் என்றால், ஏற்றத்திலும் நீர் ஓய்ந்த நேரத்திலும் அது வேலை செய்ய வேண்டும். விளக்கில்லாத சட்டவலை வெறுமையாக வர வேண்டும். இரண்டும் நடப்பதில்லை. விளக்கின் முதன்மையான பயன் நமக்குத்தான். இறாலின் கண், மங்கிய ஒளியைச் சேகரிக்கும் வகையில் அமைந்தது. நுண்ணிய சதுர அறைகளின் சுவர்கள் ஆடிகளாக வேலை செய்து, பல அறைகளில் விழும் ஒளியை ஒரே புள்ளிக்குத் திருப்புகின்றன. அடியில் உள்ள ஒளி திருப்பும் படலம் மிச்ச ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் திரும்பிய ஒளிதான் விளக்கு வெளிச்சத்தில் சிவந்த தணல் புள்ளிகளாக நமக்குத் தெரிகிறது. உடல் கண்ணாடிபோல் நிறமின்றி இருந்தாலும் கண் காட்டிக்கொடுத்துவிடும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஓத நேரம் ஒன்றாக இருந்தும், பலர் அமாவாசையை விரும்புவதற்கும் இங்கே காரணம் தெரிகிறது: இவ்வளவு கூர்மையான கண்ணுள்ள உயிருக்கு நிலா வெளிச்சமே எச்சரிக்கை, அது மேல்நீருக்கு வரத் தயங்கும்.

வலையை எங்கே வைப்பது என்பதையும் உடலமைப்பே தீர்மானிக்கிறது. மிரண்ட இறால் வாலை மடக்கி உதைத்துப் பின்னோக்கிப் பாய்கிறது. இந்தப் பாய்ச்சலுக்குக் கட்டளை கொண்டுபோகும் பெரிய நரம்பிழையில், இந்த இறால் குடும்பத்தில் அளந்த வேகம் நொடிக்கு 200 மீட்டர். மனித நரம்புகளில் மிக வேகமானவை 120 மீட்டரை ஒட்டியவை. அந்த வேகத்தோடு போட்டியிட்டு வலையை முன்னால் வீசுவதில் பயனில்லை. வலையை வாலுக்குப் பின்னால் அமைதியாக இறக்கிவிட்டு முன்னாலிருந்து அசைவு காட்டினால், இறால் தானே வலைக்குள் பாயும்.

பகலில் பிடிப்பவர்கள் உண்டே?

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு வடக்கே, தென் கரோலினா மாநிலத்திலிருந்து வருகிறது. அங்கே ஓடைகளில் பட்டப்பகலில் வீச்சு வலை போட்டு இறால் பிடிக்கிறார்கள். அப்படியானால் இரவு என்ற நிபந்தனை பொய்யா? அங்கே முதன்மையாகக் கிடைப்பது வெள்ளை இறால் என்ற வேறு இனம். அது இளஞ்சிவப்பு இறாலைப்போல் பகல் முழுவதும் புதைந்து கிடப்பதில்லை. ஆனால் ஓதத்தின் பிடி அங்கும் தளரவில்லை. ஏற்றத்தில் அந்த இறால்கள் நீரில் மூழ்கிய சதுப்புப் புல்லுக்குள் சிதறிவிடும். வற்ற வற்றப் புல்லை விட்டு இறங்கி ஓடையின் ஓரத்தில் நெருங்கும். அதனால் அங்கே வலை வீசுபவர்கள் நீர் நன்றாக வற்றிய நேரத்துக்குக் காத்திருக்கிறார்கள். நிபந்தனைகளின் பட்டியல் இனத்துக்கு இனம் மாறும். நேரத்தைத் தீர்மானிப்பது அந்த இனத்தின் வாழ்க்கை என்ற விதி மாறாது.

நம் பக்கத்துச் சான்று இன்னும் தெளிவானது. கேரளத்தில் கொச்சியைச் சுற்றிய பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும் அதன் பின் இறாலும் விளைகின்றன. ஏற்றத்தோடு இறால் குஞ்சுகளை மதகு வழியே உள்ளே விட்டு வளர்த்து, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில், வற்றத்தின்போது மதகைத் திறந்து வலை கட்டிப் பிடிக்கிறார்கள். மியாமிப் பாலத்தில் நிற்பவருக்கும் கொச்சி மதகில் நிற்பவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இறால் இனமும் வேறு. இருவரும் தத்தம் அனுபவத்தால் ஒரே நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். தற்செயலாக இது நடக்காது; இறால் குடும்பத்தின் பொதுவான வாழ்க்கைமுறை இருவருக்கும் ஒரே பாடத்தைக் கற்பித்திருக்கிறது. நம் பழவேற்காட்டில் முறைவைத்துத் தொழில் செய்யும் பாடு வழக்கத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். இறால் போகும் வழியில் எல்லா இடங்களும் சமமில்லை. நல்ல இடங்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால்தான் அவற்றைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ள ஊர் விதி வகுத்திருக்கிறது.

பிடித்ததை உயிரோடு வைத்தல்

உயிர் போன இறால் பாதி இரைதான். இங்கே எதிரி ஆக்ஸிஜன் பற்றாக்குறை. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல் நீரில் கரையக்கூடிய ஆக்ஸிஜன் ஏறத்தாழ 7.4 மில்லிகிராம், 30 டிகிரியில் 6.2-தான். இருபது லிட்டர் வாளி முழுவதிலும் சேர்த்தால்கூட 150 மில்லிகிராமைத் தொடாது. வெப்பம் ஏற ஏற நீரில் ஆக்ஸிஜன் குறைகிறது, இறாலின் தேவையோ கூடுகிறது. எனவே வாளி நிரம்ப இறாலை அடைப்பதைவிட, குறைவாகப் போட்டு, நிழலில் வைத்து, பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயை விடுவது நல்லது. நீரே இல்லாமல் வைப்பதும் ஒரு வழி. செவுள் ஈரமாகவும் உடல் குளிர்ச்சியாகவும் இருந்தால் இறால் மணிக்கணக்கில் உயிர் தாங்கும். ஜப்பானில் குருமா இறாலைக் குளிரூட்டிய மரத்தூளில் அடுக்கி உயிரோடு சந்தைக்கு அனுப்புவது இந்த அடிப்படையில்தான். தூண்டிலில் மாட்டும்போதும் உடலியல் உதவுகிறது. தலைக்குள் கருமையாகத் தெரிவது இரைப்பையும் செரிமானச் சுரப்பியும்; முள்ளை அதில் படாமல், முன்னிருக்கும் கொம்பின் அடியில் குறுக்காகச் செலுத்தினால் இறால் நெடுநேரம் நீந்தும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கடையில் விற்கும் வெளிநாட்டு உறைந்த இறாலை இரையாக்கலாமே என்பவர்களுக்கு ஒரு கடுமையான பதில் உண்டு. உறைய வைத்தாலும் சில நோய்க் கிருமிகள் சாவதில்லை. 1990களின் நடுவில் தமிழக, ஆந்திர இறால் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோயின் வைரஸ் அத்தகையது. 2016-ன் இறுதியில் ஆஸ்திரேலியாவின் லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் அதே நோய் வெடித்தபோது, சமையலுக்கென இறக்குமதியான இறாலைத் தூண்டில் இரையாகப் பயன்படுத்துவதும் சந்தேகத்துக்குரிய வழிகளில் ஒன்றாகப் பேசப்பட்டது. ஒரு நீரில் பிடித்த இறாலை அந்த நீரிலேயே இரையாக்குவது மீனுக்கு மட்டுமின்றி நீருக்கும் நல்லது.

எவ்வளவு எடுக்கலாம்?

கடைசி மறுப்பு அறம் சார்ந்தது. கடலுக்குப் போகும் இறால் இன்னும் முட்டையிடவில்லை. வாசலில் நின்று அதைப் பிடிப்பது அடுத்த தலைமுறையை அழிப்பதாகாதா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. புளோரிடாவில் ஒருவர் ஒரு நாளைக்குத் தலையோடு ஐந்து கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் அளவு இறால் மட்டுமே எடுக்கலாம் என்ற வரம்பு இருக்கிறது. வரம்புக்குள் நின்று கைவலையால் அள்ளுவது பெரிய ஆபத்தாகாததற்குக் காரணம் இறாலின் கருவளம்: ஒவ்வொரு பெண்ணும் இடும் முட்டைகள் லட்சக்கணக்கானவை, வாழ்நாள் குறுகியது, தப்பிய சிலவே கடலை நிரப்பப் போதும். ஆனால் அந்த லட்சங்களில் எத்தனை பிழைக்கும் என்பதைக் கடற்புல்லும் நன்னீரும் தீர்மானிக்கின்றன. 1987-ல் புளோரிடா விரிகுடாவில் கடற்புல் பெருமளவில் மடியத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் டார்டுகாஸ் இறால் பிடிப்பும் சரிந்தது. 2020 ஆகஸ்டில் பிஸ்கேன் விரிகுடாவின் வடபகுதியில் நீரில் ஆக்ஸிஜன் வீழ்ந்து மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்திலிருந்து இயல்பாக விரிகுடாவுக்கு வந்த நன்னீரைக் கால்வாய்கள் வெட்டித் திருப்பியதன் விளைவைச் சரிசெய்ய 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பெரும் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அத்திட்டம் பலன் தருகிறதா என்று அறிய விஞ்ஞானிகள் கண்காணிக்கும் உயிர்களில் இளஞ்சிவப்பு இறாலும் ஒன்று.

எனவே இறாலின் நேரத்தை அறிந்தவருக்கு ஒரு பொறுப்பும் சேர்கிறது. ஒரு பாலத்தில் ஆண்டுக்கு ஆண்டு அதே ஓதத்தில், அதே மணியில் நிற்பவர், எதிர்பார்த்த இரவில் இறால் வராமல் போனால் அதை முதலில் அறிவார். நேரம் தெரியாதவர் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார். நேரம் தெரிந்தவர் விரிகுடாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். மேலே எத்தனை கால்வாய்கள் வெட்டப்பட்டன, எவ்வளவு கழிவு இறங்கியது, புல் எங்கே போயிற்று என்ற கேள்விகளை ஆட்சியாளர்களிடம் கொண்டுபோகும் தகுதி அவருக்கு உண்டு. இரைக்காக ஒரு கை இறால் எடுக்கும் உரிமையை நாம் நியாயப்படுத்த விரும்பினால், அந்த இறால் வளரும் புல்லுக்காகவும் அதற்கு வரும் நன்னீருக்காகவும் பேசுவதே அதற்கான விலை. அந்த விலையைக் கொடுப்பவர்கள் இருக்கும் வரை இறாலுக்குக் கழியும் கடலும் இரண்டும் மிஞ்சும்.